சம்பா நெல்லின் கடிகாரம்

கோடை லீவில் ஊருக்குப் போகும் அன்பர்கள், ஆசைப்பட்டுப் பழைய சம்பா விதையை அப்போதே தெளித்துவிட்டு வரவேண்டாம். தழைத்து வளரும்; கதிர் மட்டும் எளிதில் வராது.

ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் இவ்வகை நெல் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் பூக்கும். காரணம், அது வயதைப் பார்ப்பதில்லை. இரவின் நீளத்தை அளக்கிறது. இலையிலுள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமிப் புரதம் ஒளியை உணர்கிறது. இரவு நீண்டதும் இலையில் வேறொரு புரதம் உண்டாகி, தண்டின் நுனிக்குப் போய்க் கதிர் கட்டச் சொல்கிறது. அந்தத் தூதுவன் இன்னதென்று ஜப்பானில் 2007-இல் காட்டினார்கள்.

தஞ்சையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். அதற்குள் இத்தனை கணக்கு! டைம்டேபிளோடு காலம் கழித்த எனக்கே பொறாமை.

1966-இல் வந்த ஐ.ஆர்.8 ரகமோ பகல் நீளத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. தண்ணீர் இருந்தால் பருவம் மாற்றியும் விதைக்கலாம்.