மின்சாரத்துக்கும் ஒத்திகை உண்டு

வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அதற்குள் ஒரு சின்ன 'மூளை' இருக்கிறது. கரண்ட் போனதும் பாட்டரிக்கு மாறுவது அதன் வேலை. அது தடுமாறினால், பாட்டரி நன்றாக இருந்தும் விளக்கு எரியாது.

காற்றாலை, சூரியத் தகடு, பாட்டரி மூன்றும் சேர்ந்து ஒரே இணைப்பின் வழியே மின்சாரம் தரும் கலப்பு மின்நிலையங்களின் கதையும் இதுதான். கர்நாடகத்தில் ராய்ச்சூர் மாவட்டத்தின் கவித்தாளில், 50 மெகாவாட் காற்றாலைகளுடன் 28.8 மெகாவாட் சூரிய மின்சாரம் 2018-இல் சேர்க்கப்பட்டது. குஜராத்தின் கட்ச் பகுதியில், காவ்டாவில், 30,000 மெகாவாட் இலக்குடன் ஒரு பெரும் பூங்காவுக்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது.

கூட்டுக் குடும்பத்தை நடத்துவது எளிதா? மேகம் மறைத்தால் சூரிய மின்சாரம் சில விநாடிகளில் சரியும். காற்றோ தன் போக்கில் வீசும். யார் எவ்வளவு தரவேண்டும், பாட்டரி எப்போது கைகொடுக்க வேண்டும் என்று நொடிக்கு நொடி முடிவெடுப்பது கட்டுப்பாட்டுக் கருவி. அதன் கணக்கு தவறினால் என்ன ஆகும்?

2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் கடும் புயல். மின்கோபுரங்கள் சாய்ந்தன, மின்னழுத்தம் அடுத்தடுத்துச் சரிந்தது. "குறுகிய நேரத்தில் இத்தனை முறைக்கு மேல் அழுத்தம் சரிந்தால் விலகிக்கொள்" என்று பல காற்றாலைகளின் கருவிகளில் முன்கூட்டியே பதித்திருந்தார்கள். மின்தொகுப்பை நடத்துபவர்களுக்கோ அது தெரியாது. சில விநாடிகளில் 456 மெகாவாட் குறைந்தது. பக்கத்து மாநிலத்திலிருந்து வந்த இணைப்பு சுமை தாங்காமல் அறுபட, சுமார் 8,50,000 இணைப்புகள் இருளில் மூழ்கின. அந்தக் காற்றாலைகள் பழுதாகி நிற்கவில்லை. கருவியில் பதிந்திருந்த ஓர் எண் அவற்றை நிறுத்திவிட்டது! பிறகு அந்த எண்ணை மாற்றியமைத்தார்கள்.

இதற்குத்தான் ஒத்திகை. உண்மையான கட்டுப்பாட்டுக் கருவியை ஆய்வுக்கூடத்தில் வைத்து, அதனுடன் கம்ப்யூட்டரில் உருவாக்கிய மின்நிலையத்தை இணைக்கிறார்கள். தான் நிஜ நிலையத்தையே நடத்துவதாகக் கருவி 'நம்பும்'. புயல், மேகம், கம்பி அறுதல் என எத்தனை சோதனை வைத்தாலும் ஊரில் ஒரு விளக்கும் அணையாது.

ஆனால் எல்லா வசதியும் ஒரே ஆய்வுக்கூடத்தில் அமைவதில்லை. ஆகவே 2017-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள எட்டு ஆய்வுக்கூடங்கள் கைகோத்தன. அமெரிக்காவின் ஐடஹோ, ஜெர்மனியின் ஆகன், இத்தாலியின் டுரின் நகரக் கூடங்களும் அவற்றில் அடக்கம். மின்தொகுப்பின் ஒவ்வொரு பகுதியை ஒவ்வொரு கூடமும் ஏற்று, இன்டர்நெட் வழியே ஒரே சமயத்தில் இயக்கிக் காட்டின. செய்தி கடல் கடக்கும் சிறு தாமதம்கூட முடிவை மாற்றிவிடும் என்பதால், அதற்கும் கணக்குப் போட வேண்டியிருந்தது.

இந்த முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு நிறுவனம் தன் தொழில் ரகசியத்தை வெளியே தராமல், தன் கூடத்திலிருந்தபடியே சோதனையில் பங்கேற்கலாம்.

காற்றாலை ஒரு நிறுவனம், இன்வெர்ட்டர் ஒரு நிறுவனம், மென்பொருள் வேறொரு நிறுவனம் என்று பல கைகள் சேரும் இடம் கலப்பு மின்நிலையம். ஒவ்வொன்றையும் தனியே சோதித்தால் போதாது. சேர்த்து வைத்தும் பார்க்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளில் மின்பொறியியலும் கம்ப்யூட்டரும் படிப்பவர்கள் ஏராளம். அவர்களுடைய இரண்டு படிப்பும் ஒன்றாகத் தேவைப்படும் துறை இது. அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.