தவளை வளர்ப்பில் ஈரமும் வெப்பமும்

தவளை தன் வாயாற் கெடும் என்பது நம் நாட்டு வழக்கு. மழையிரவிற் குரலெழுப்பித் தான் இருக்குமிடத்தைப் பாம்பிற்குக் காட்டிக்கொடுக்கும் அதன் பேதைமையை அப்பழமொழி எள்ளுகின்றது. ஆயின், தவளை எதனால் வாழ்கின்றது என வினவின், தோலினால் என்றே விடை கூறல் வேண்டும். அது வாயால் நீர் பருகுவதில்லை. அடிவயிற்றிலும் தொடைகளின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோலின் வழியே நீரை உறிஞ்சிக்கொள்கின்றது. நுரையீரல் உடையதாயினும், மூச்சின் ஒரு பகுதியைத் தோலினாலேயே நடத்துகின்றது. அத்தோல் உலர்ந்தாலும் உயிருக்கு இடர். அழுக்கு நீரில் ஓயாது ஊறிக்கிடந்தாலும் இடர்.

தமிழாசிரியராகிய எமக்குத் தவளையோடு யாது தொடர்பு என்று பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். மெல்போர்ண் நகரில் வாழும் எம் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு எழுதிய கடிதமே இக்கட்டுரைக்குக் காரணம். அவர்தம் பத்து வயது மகன், உரிய அனுமதிச் சீட்டுடன், பச்சை மரத்தவளை ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்த்து வந்தான். அவுஸ்திரேலியாவின் வடக்கிலும் கிழக்கிலும் வாழும் இத்தவளை பத்துச் சதமமீற்றர் வரை வளரும். நன்கு பேணினால் 15 ஆண்டுக்கு மேலும் உயிர்வாழும். ஜோன் வைற் என்னும் அறுவை மருத்துவர் 1790 இல் வெளியிட்ட நூலில் இது முதன்முதல் விவரிக்கப்பட்டது. பச்சைத் தவளைக்கு 'நீலம்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயர் வாய்த்தமை வியப்பே. பதனிடும் திரவத்தில் இட்ட உடல் நீலநிறமடைந்தமையே அதற்குக் காரணம் என்பர். உயிருடன் வாழும் நிலையை அறியாது செய்யும் செயல் எவ்வாறு பிழைபடும் என்பதற்கு இப்பெயரே சான்றாகும்.

மெல்போர்ணில் ஆனி, ஆடி மாதங்கள் கடுங்குளிர்க் காலம். வீட்டில் வெப்பமூட்டி இயங்கிக்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்த ஈரமானி 40 என்று காட்டக் கண்டு தந்தையார் அஞ்சினார். பெட்டியின் வலைமூடியைப் பொலித்தீன் தாளால் இறுக மூடி, நாளொன்றுக்கு மும்முறை நீர் தெளித்தார். கண்ணாடியில் நீர் வழிந்தது; ஈரமானி 90 ஐக் கடந்தது. அவர் மகிழ்ந்தார். இரண்டு வாரத்தில் தவளை உணவை வெறுத்தது. கிளையை விட்டிறங்கித் தரையிற் கிடந்தது. அதன் வயிற்றுப்புறத்தில் செம்புள்ளிகள் தோன்றின. பையன் இரவில் உறங்காது பெட்டியருகே அமர்ந்திருந்தானாம். விலங்கு மருத்துவர் அது தோல்நோய் எனக் கண்டு மருந்தளித்தார். மருந்தினும் முதன்மையாக அவர் கூறியது, அப்பொலித்தீன் தாளை அகற்றுக என்பதே.

அன்புள்ள தந்தை செய்த பிழை யாது? ஈரம் வேறு, நனைவு வேறு என்பதை அவர் அறியாமையே.

காற்றிலுள்ள நீராவியின் அளவை, அவ்வெப்பநிலையில் அக்காற்று தாங்கக்கூடிய முழு அளவோடு ஒப்பிட்டு நூற்றுவீதமாகக் கூறுவது சாரீரப்பதன் எனப்படும். 10 பாகை செல்சியசில் ஒரு கன மீற்றர்க் காற்று ஏறத்தாழ 9.4 கிராம் நீராவியைத் தாங்கும்; 25 பாகையில் ஏறத்தாழ 23 கிராமைத் தாங்கும். ஆகவே, வெளியே 10 பாகையில் நிறைவுற்றிருந்த காற்று வீட்டினுள் 25 பாகைக்குச் சூடேறியதும், அதன் நீராவி சிறிதும் குறையாதிருந்தும், சாரீரப்பதன் 41 ஆகத் தாழ்ந்துவிடும். வெப்பத்தை மாற்றினால் ஈரப்பதனும் உடன் மாறும். இவ்விரண்டையும் தனித்தனியே சீர்செய்ய முயல்வோர் இடர்ப்படுவர்.

காற்றோட்டமின்றி மூடிய பெட்டியிலோ நீர் ஆவியாகி வெளியேற வழியில்லை. கழிவும் ஈரமும் கலந்த தரையிற் பற்றீரியாவும் பங்கசும் பெருகுகின்றன. எப்போதும் நனைந்த தோல் அவற்றிற்கு எளிதில் இரையாகின்றது.

ஆதலின், பின்வரும் முறை நன்று. மூடியின் ஒரு பாதியை மட்டும் கண்ணாடியால் மறைத்து, மறுபாதியை வலையாகவே விடுக. பச்சை மரத்தவளைக்குப் பகலில் 24 முதல் 28 பாகையும், இரவில் 20 பாகைக்குச் சற்று மேலும் பொருந்தும். வெப்பத்தைப் பெட்டி முழுவதும் ஒரே சீராகப் பரப்பலாகாது. ஒரு பக்கச் சுவரின் வெளிப்புறத்தில் வெப்பத்தகட்டினை, வெப்பநிலைச் சீராக்கியோடு இணைத்துப் பொருத்துக. மறுபக்கம் குளிர்ந்திருக்கட்டும். தனக்கு வேண்டிய இடத்தைத் தவளையே தேர்ந்துகொள்ளும். சாரீரப்பதன் 50 இற்கும் 70 இற்கும் இடையில் நிற்றல் போதும். மாலையில் ஒருமுறை நீர் தெளித்து, காலைக்குள் கண்ணாடி உலர விடுக. தவளை அமர்ந்து நீருறிஞ்சத்தக்க அகன்ற கிண்ணமொன்றில் நாள்தோறும் புதுநீர் நிறைக்க. தரைக்குத் தும்புச்சோறு ஏற்றது. நம் நாட்டுத் தென்னையின் இப்பொருள் இன்று கடல்கடந்து இத்தகைய பெட்டிகளிற் பரவிக் கிடக்கின்றது. யன்னல் வெயிலிற் பெட்டியை வைத்தல் தகாது. கண்ணாடி வெப்பத்தைச் சிறைப்படுத்துமாதலின், சிறிது நேரத்திலேயே உயிர் போதலும் கூடும்.

குழாய்நீரைப் பற்றியும் ஒரு சொல். குளோரீன் கலந்த நீரைத் திறந்த பாத்திரத்தில் ஒருநாள் வைத்தால் அது அகன்றுவிடும். குளோரமைன் அவ்வாறு அகலாது. மீன்தொட்டிக்கென விற்கப்படும் நீர்த்திருத்தியை இடல் வேண்டும்.

கருவியையும் கண்மூடி நம்பலாகாது. கறியுப்பைச் சில துளி நீரிற் குழைத்து ஒரு போத்தல் மூடியில் இட்டு, ஈரமானியுடன் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஓரிரவு வைத்தால், 25 பாகையளவில் அது 75 காட்டுதல் வேண்டும். எமது விஞ்ஞானகூடத்து மாணவருடன் மூன்று ஈரமானிகளை இவ்வாறு சோதித்தோம். ஒன்று 75 என்றும், ஒன்று 68 என்றும், ஒன்று 84 என்றும் காட்டின. மூன்றும் ஒரே அறையில், ஒரே இரவில் இருந்தவை!

ஒரு தவளைக்குரிய விதி மற்றொன்றிற்குப் பொருந்தாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. தென்னமெரிக்காவின் மழைக்காட்டு நச்சுத்தவளைகள் 80 இற்கு மேற்பட்ட சாரீரப்பதனை வேண்டுவன. 22 முதல் 26 பாகையில் நலமாக இருப்பன. 30 பாகையைத் தாங்க மாட்டா. அவற்றிற்கும் காற்றோட்டம் சிறிதேனும் வேண்டும். வளர்க்க விரும்புவோர் முதலில் அத்தவளை பிறந்த நிலத்தை அறிக. பின்னரே பெட்டியை அமைக்க.

இன்னுமொன்று. 1998 இல் அறிஞர் கண்டறிந்த கைற்றிரிட் என்னும் பங்கசு, உலகெங்கும் தவளையினங்கள் பலவற்றை அழித்துள்ளது. பெட்டியைக் கழுவிய நீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றுதல் பெருந்தீங்கு விளைக்கலாம். வளர்த்த தவளையை வெளியே விடுதலும் அத்தகையதே.

ஆறு வாரங்களின் பின் மெல்போர்ணிலிருந்து மீண்டும் கடிதம் வந்தது. தவளை கிளையேறிவிட்டது, வெட்டுக்கிளியைத் தாவிப் பிடித்தது. பையன் இப்பொழுது காலையும் மாலையும் இரு கருவிகளின் அளவையும் கொப்பியிற் குறித்து வருகின்றானாம்.

கல்லூரியிற் பயிலும் மாணவர்காள்! நீவிர் ஊர்த் தவளையைப் பிடித்து அடைத்தல் வேண்டா. மாரி பிறந்ததும் கிணற்றடியிலும் வயல்வரம்பிலும் அவற்றின் வாழ்வைக் கண்டு மகிழலாம். அயல்நாடுகளில் வாழும் பழைய மாணவரின் இல்லங்களில் தவளை வளருமாயின், அவர்களிடம் யாம் வேண்டுவது இதுவே: அன்பு மட்டும் போதாது, அளந்து அறிந்த அன்பே உயிரைக் காக்கும்.