ஆபரேஷனுக்கு முன்னால் கல்லீரல் கொஞ்சம் இளைக்கட்டும்!

"எடையைக் குறைக்க முடியலைன்னுதானே டாக்டர் ஆபரேஷனுக்கே சம்மதிச்சேன்? இப்போ ஆபரேஷனுக்கு முன்னாடியே எடையைக் குறைச்சுட்டு வாங்கறாங்களே, இது என்ன நியாயம்?"

உடல் பருமனுக்கு இரைப்பை ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்கள் என்னிடம் இப்படிக் கேட்பது உண்டு. கூடவே ஒரு கோரிக்கையும் வரும்: "ஒரு பேதி மருந்து குடுங்களேன், ரெண்டே வாரத்துல இறக்கிடலாம்!"

கேள்விக்குப் பதில் சொல்லலாம். கோரிக்கைக்குத்தான் தலையாட்ட முடியாது. ஏன் என்று பார்ப்போமா?

வழியை மறிக்கும் கல்லீரல்

வலது பக்க விலா எலும்புகளுக்குப் பின்னால் இருப்பது கல்லீரல். அதன் இடது பாகம் நீண்டு வந்து, இரைப்பையின் மேல் பகுதியை மூடிக்கொண்டு இருக்கும். டாக்டர் வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, கேமரா வழியாகப் பார்த்து ஆபரேஷன் செய்யும்போது, முதலில் இந்தக் கல்லீரலைத் தூக்கிப் பிடித்தால்தான் இரைப்பையே கண்ணுக்குத் தெரியும்.

உடல் பருத்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லீரலிலும் கொழுப்பு படிந்திருக்கும். அப்படிப்பட்ட கல்லீரல் பெரிதாக, கனமாக இருக்கும். தூக்கும்போது எளிதில் கிழிந்து ரத்தம் கசியவும் கூடும். வழியே கிடைக்கவில்லை என்றால், துளை போட்டுத் தொடங்கிய ஆபரேஷனை வயிற்றைத் திறந்து முடிக்க வேண்டி வரலாம், அல்லது தள்ளிப்போட நேரலாம்.

ஆக, "குறைச்சுட்டு வாங்க" என்பது உங்கள் மன உறுதிக்கு வைக்கும் பரீட்சை இல்லை. கல்லீரலைச் சுருக்கி, டாக்டருக்கு வழி விடும் ஏற்பாடு!

இரண்டு வாரத்தில் முடியுமா?

முடியும். கல்லீரல் கிளைக்கோஜன் என்ற பெயரில் சர்க்கரையைச் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தால் முதலில் இந்தச் சேமிப்பும் தண்ணீரும் கரையும். பிறகு கல்லீரலில் இருக்கும் கொழுப்பு செலவாகும். 2006ல் வெளியான ஓர் ஆய்வில், 12 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு எடுத்தவர்களுக்குக் கல்லீரல் சுருங்கியதில் 80 சதவீதம் முதல் இரண்டு வாரத்திலேயே நடந்துவிட்டது.

அதனால் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஆறு கிலோ இறக்கினார், நமக்கு மூணுதானே என்று மனம் ஒடிய வேண்டாம். பத்தியத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் கல்லீரல் தன் வேலையைச் செய்யும்.

திரவ உணவு என்றால் கஞ்சி அல்ல!

நம் ஊரில் நடக்கும் பெரிய குழப்பம் இது. "லிக்விட் டயட்" என்று எழுதிக் கொடுத்தால், வீட்டில் பாசத்தோடு நொய்க்கஞ்சி, கேழ்வரகுக் கூழ், ஜவ்வரிசிக் கஞ்சி, ஆப்பிள் ஜூஸ், இளநீர் என்று வரிசையாகக் கொடுப்பார்கள். எல்லாம் திரவம்தான். ஆனால் எல்லாமே மாவும் சர்க்கரையும்! கல்லீரல் எப்படி இளைக்கும்?

பொதுவாக நாளைக்கு 800 முதல் 1,000 கலோரிக்குள், புரதம் குறையாமல் பட்டியல் கொடுப்பார்கள். கொழுப்பு நீக்கிய பால், வெண்ணெய் எடுத்த மோர், ஆஸ்பத்திரியில் சொன்ன புரதப் பவுடர், தெளிந்த காய்கறி சூப் ஆகியவை அதில் இருக்கும். தெளிந்த பருப்புத் தண்ணீர் குடிக்கலாம். ஆனால் அதில் புரதம் சொற்பம், அதை மட்டும் நம்பாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரத அளவே வேறு. தண்ணீரும் டாக்டர் சொன்ன அளவுக்குக் குடிக்க வேண்டும்.

முதல் மூன்று, நான்கு நாள் தலைவலி, எரிச்சல், சோர்வு, வாயில் ஒரு வாடை எல்லாம் வரும். பெரும்பாலும் தானாகத் தணிந்துவிடும். மயக்கம், விடாத வாந்தி, படபடப்பு வந்தால் மட்டும் பொறுத்துக்கொள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

பேதி மருந்து ஏன் கூடாது?

உடல் பருமனை எங்கள் மருத்துவத்தில் அதிதூலம் என்போம். பேதிக்குக் கொடுப்பது எங்கள் முறையில் உண்டுதான். ஆனால் எதற்கும் காலம் என்று ஒன்று இருக்கிறதே! பேதியில் இறங்குவது தண்ணீரும் உப்புச்சத்தும்தான்; கல்லீரல் கொழுப்பு அல்ல. உடம்பு வறண்டு, பொட்டாசியம் குறைந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் இதயத் துடிப்பு தடுமாறலாம்.

பூண்டு, இஞ்சி, மஞ்சள் மாத்திரைகள் ரத்தம் உறையும் தன்மையைக் குறைக்கக்கூடும். சமையலில் சேர்க்கும் அளவுக்குப் பயம் வேண்டாம். மருந்தாகச் சாப்பிடுவதைப் பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எடை குறைய என்று விற்கும் குடம்புளி மாத்திரை சிலருக்குக் கல்லீரலையே பாதித்ததாகப் பதிவுகள் உள்ளன. எந்தக் கல்லீரலைக் காப்பாற்றப் பத்தியம் இருக்கிறோமோ, அதையே கெடுத்துக்கொள்வதா? சூரணமோ லேகியமோ, எதைச் சாப்பிட்டாலும் ஆபரேஷன் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் கவனிக்க

சாப்பாடு பாதியாகும்போது இன்சுலினும் மாத்திரையும் பழைய அளவிலேயே போனால் சர்க்கரை மடமடவென்று இறங்கிவிடும். பத்தியம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூவைத் தாமாகச் சேர்ப்பது ஆபத்து. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு, சர்க்கரை சரியாக இருப்பதுபோல் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் சேரலாம். அதை எப்போது நிறுத்துவது என்று கேட்டே ஆக வேண்டும். செமாகுளூடைட் போன்ற ஊசி போட்டால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே எச்சரிக்கைதான்.

"எடை இறங்கிடுச்சே, ஆபரேஷன் வேண்டாமே?"

முதல் வாரம் இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் அது திரும்பி வந்துவிடும். வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள். தராசைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். இந்த இரண்டு வாரமும் தினமும் முடிந்த அளவு நடங்கள், ஆழ்ந்து மூச்சு விட்டுப் பழகுங்கள். புகை பிடிப்பவர்கள் ஆபரேஷன் முடிவான அன்றே நிறுத்துங்கள். புண் ஆறவும் நுரையீரல் தேறவும் அது பெரிய உதவி.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

"இனிமே எங்கே சாப்பிடப் போறான், கடைசியா ஒரு வாய் பிரியாணி சாப்பிடட்டும்" என்று ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை விருந்து வைக்கும் வீடுகள் இருக்கின்றன. பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பத்து நாள் பட்டினியாகக் கிடந்து கரைத்த சேமிப்பைக் கல்லீரல் அந்த விருந்திலேயே மறுபடி நிரப்பத் தொடங்கிவிடும். அந்த இரண்டு வாரமும் நீங்களும் எளிமையாகச் சமையுங்கள், தாளிக்கும் வாசனையைக் கொஞ்சம் குறையுங்கள். மாலையில் அவரோடு நாலு தெரு நடந்துவிட்டு வாருங்கள். ஒருவேளை கட்டுப்பாடு தவறி எதையாவது சாப்பிட்டுவிட்டால் திட்டாதீர்கள்; ஆஸ்பத்திரியில் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.