ஆளியும் சணலும்: பெயர் மயக்கமும் தாவர அடையாளமும்

இலண்டனின் கிழக்கே அமைந்த இல்ஃபோர்டின் கடைத்தெருக்களில் தமிழர், குசராத்தியர், பஞ்சாபியர் எனப் பலரும் பொருள் வாங்குகின்றனர். அங்கு ஒரே விதை 'லின்சீட்', 'ஃபிளாக்ஸ்சீட்', 'அல்சி' எனப் பல பெயர்களில் கிடைக்கிறது. தமிழில் அது ஆளிவிதை. ஒரு பொருளுக்குப் பல பெயர் வழங்குதல் பெரும் இடரன்று. பல பொருளுக்கு ஒரு பெயர் வழங்குதலே இடர். ஆளியைப் பொறுத்தவரை அவ்விடர் தமிழில் இருவகையாக நேர்ந்துள்ளது.

முதலாவது நாரைச் சார்ந்தது. தமிழ் விவிலியம் ஆளிச்செடியைச் 'சணல்' என்றே குறிக்கிறது. இன்றைய வாசகரோ அச்சொல்லைக் கேட்டதும் சாக்கு நெய்யப் பயன்படும் வங்கநாட்டுப் பயிரையே எண்ணுவர். பசுந்தாளுரமாகும் சணப்பும் சிலவிடங்களில் அப்பெயர் பெறும். இம்மூன்றும் வெவ்வேறு குடும்பத்தின. சணப்பு அவரைக் குடும்பத்தது. சாக்குச்சணல் பருத்தி, வெண்டை ஆகியவற்றின் குடும்பத்தது. ஆளியோ லினேசியே என்னும் தனிக்குடும்பத்தது. 1753இல் லின்னேயசு அதற்கு இட்ட பெயர் லைனம் யூசிட்டாட்டிசிமம். 'மிகப் பயனுடைய ஆளி' என்பது அதன் பொருள்.

பூக்கும் பருவத்தில் மயக்கத்திற்கு இடமில்லை. ஆளியின் தண்டு மெலிந்தது; இலைகள் குறுகி, காம்பின்றி மாறிமாறி அமைவன. பூ பெரும்பாலும் நீலநிறத்தது. ஐந்து இதழ்களை உடையது. காலையில் விரிந்து அன்றே இதழ் உதிர்வது. உருண்டைக் காயுள் பத்து விதைகள் வரை இருக்கும். சணப்பின் பூவும் சாக்குச்சணலின் பூவும் மஞ்சள். நார் மட்டுமே கிடைக்குமிடத்து வேறொரு சோதனை உண்டு. நனைத்த தனியிழையின் நுனியை நோக்குவோர் பக்கம் நீட்டி உலரவிட்டால், ஆளியிழை வலஞ்சுழியாகவும் சாக்குச்சணலின் இழை இடஞ்சுழியாகவும் திரும்பும்.

இரண்டாவது மயக்கம் விதையைச் சார்ந்தது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஹலீம் விதைக்கும் ஆளிவிதை என்னும் பெயர் இடப்படுவதுண்டு. நீரில் ஊறவைத்துச் சோதித்தல் இங்குப் பயன்தராது. இரு விதைகளும் வழுவழுப்பான பசையை வெளியிடுவன. வடிவமும் சுவையுமே துணை. ஆளிவிதை தட்டையானது, பளபளப்பானது, ஏறத்தாழ 4 முதல் 6 மில்லிமீட்டர் நீளமுடையது, மென்சுவையது. ஹலீம் அதனினும் சிறியது, செம்பழுப்பு நிறத்தது, மென்றால் காரம் தருவது.

மருந்துக் குறிப்பொன்றில் 'ஆளிவிதை' எனக் கண்டு வாங்குபவர் எவ்விதையைப் பெறுகிறார் என்பது இவ்வேறுபாட்டைச் சார்ந்தது. தாயகத்தில் பழகிய கடைக்காரர் கையில் எடுத்துக் காட்டித் தீர்க்கும் ஐயத்தை, புலம்பெயர் நாட்டில் பொதியின் மேலுள்ள சொல் ஒன்றே தீர்க்க வேண்டியுள்ளது. ஆதலின் தமிழ் அகராதிகள் ஆளி, சணல், சணப்பு, ஹலீம் ஆகிய நான்கையும் தனித்தனிப் பதிவுகளாக்கி, ஒவ்வொன்றுடனும் தாவரவியற் பெயரையும் பூவின் நிறத்தையும் விதையின் வடிவத்தையும் சேர்த்துத் தருதல் வேண்டும்.