கைவிலங்கு: யாருடைய பாதுகாப்பு?

பலேர்மோப் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் இருக்கும் ஸ்ரெரி மாளிகை, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1782வரை ஸ்பானிய மதவிசாரணை மன்றத்தின் இருப்பிடம். கைதிகள் சுவரில் தீட்டிய சித்திரங்கள் இன்றும் அங்கே உள்ளன. 1657இல் தியேகோ லா மத்தீனா என்ற துறவி, தன் சிறையறைக்கு வந்த தலைமை விசாரணையாளர் லோபெஸ் தெ சிஸ்னேரோசைத் தன் கையில் பூட்டியிருந்த விலங்காலேயே தாக்கினார். விசாரணையாளர் சில நாட்களில் இறந்தார். மறு ஆண்டு துறவி உயிரோடு எரிக்கப்பட்டார். சிசிலிய எழுத்தாளர் லெயொனார்தோ ஷாஷா 1964இல் இதைப்பற்றி ஒரு நூலே எழுதினார். இங்கு வரும் நண்பர்களை நான் அங்கு அழைத்துச் செல்வதுண்டு. எல்லோரும் சித்திரங்களைப் பார்க்கிறார்கள். என் மனம் அந்த இரும்பிலேயே நிற்கிறது. பூட்டியவனைக்கூட அது காப்பாற்றவில்லை.

இன்றைய கைவிலங்கு இலேசானது. ஆனால் அதன் ஆபத்து எடையில் இல்லை. பற்சக்கர அமைப்பாதலால் கை அசையும்போதெல்லாம் மேலும் இறுகும்; இதைத் தடுக்கவே இரண்டாவது பூட்டு உண்டு. அதைப் போடாமல் விட்டால், மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாகத் தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் நரம்பு நசுங்குகிறது. மொழிபெயர்ப்பாளனாய் நான் சென்ற ஒரு விசாரணையில், விலங்கு கழற்றி மூன்று வாரமாகியும் பெருவிரலின் புறப்பக்கம் மரத்தே இருப்பதாக ஒருவர் சொன்னார். குற்றப்பத்திரிகையில் இதற்கு இடமில்லை.

உயிரைப் பறிப்பது வேறொன்று. கைகளைப் பின்னால் கட்டி, குப்புறக் கிடத்தி, முதுகில் பாரம் ஏற்றினால் நெஞ்சும் வயிறும் விரிய இடமில்லை. ஆசனத்தில் இருத்தித் தலையை முழங்காலுக்கு அமுக்கினாலும் இதுவே நடக்கும். மூச்சுக்குத் திணறுபவன் திமிறுவான். காவலர் அதை எதிர்ப்பென்று எண்ணி மேலும் அமுக்குவார். இலண்டன் ஹீத்ரோவில் 2010இல், நாடுகடத்தும் விமானத்தில் ஜிம்மி முபெங்கா இப்படித்தான் இறந்தார். அது சட்டவிரோதக் கொலை என்று 2013இல் மரணவிசாரணை யூரிகள் தீர்ப்பளித்தனர். காவலர் மூவரும் 2014இல் விடுதலையாயினர். அதற்கு முன்பே 1998இல் பிரசெல்சில் செமிரா அடமு தலையணையால் அமுக்கப்பட்டு இறந்தார். 1999இல் வியன்னாவிலிருந்து சோபியா சென்ற விமானத்தில் மார்க்குஸ் ஒமொபுமா வாய்க்கு ஒட்டுநாடா சுற்றப்பட்ட நிலையில் இறந்தார். மூவரும் ஆபிரிக்கர்கள். அந்த ஆசனங்களில் நம்மவர்களும் இருத்தப்பட்டிருக்கிறார்கள் என்பதை இப்பத்திரிகையின் வாசகருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இத்தாலியச் சட்டம் ஒரு விநோதம். 1992இல் சிறைச்சட்டத்தில் சேர்க்கப்பட்ட 42-பிஸ் பிரிவின்படி, கைதியைத் தனியே கொண்டுசெல்கையில், அவர் ஆபத்தானவர், தப்பக்கூடும், அல்லது சூழ்நிலை பயணத்தைக் கடினமாக்குகிறது என்றிருந்தாலே விலங்கு. மற்றபடி தடை. பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்து கைதியைக் காக்கவேண்டுமென்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் கூட்டமாகக் கொண்டுசெல்லும்போது எல்லோருக்கும் தொடர்விலங்கு கட்டாயம். அதாவது ஒரே மனிதன், தனியே போனால் ஆபத்தற்றவன். பக்கத்தில் இன்னொருவன் இருந்தால் ஆபத்தானவன்!

இந்தியாவில் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் (1980) நீதிபதி கிருஷ்ணய்யர், விலங்கிடுவது வழக்கமாக இருக்கக்கூடாது, காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்றார். உயர்வகுப்புக் கைதிக்கு விலங்கில்லை, சாதாரணனுக்கு உண்டு என்ற பொலிஸ் விதியும் அதில் அடிபட்டது. யூலை 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, ஒரு குற்றப்பட்டியலைக் கொடுத்து, அவற்றுக்கு விலங்கிடலாம் என்கிறது. ஆளைப் பார்த்து முடிவெடுக்கச் சொன்ன நீதிமன்றம் எங்கே, குற்றத்தின் பெயரைப் பார்க்கச் சொல்லும் சட்டம் எங்கே!

2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மண்டேலா விதிகள் சங்கிலியை முற்றாகத் தடுக்கின்றன. பிரசவ வேளையில் பெண்ணுக்கு எவ்விதக் கட்டும் கூடாது என்கின்றன. இவ்விதிகளை இலங்கை அரசின் முன் நீட்ட நாம் தயங்குவதில்லை, தயங்கவும் கூடாது. ஆனால் துணுக்காய் முகாமிலிருந்து மீண்டவர்கள் தங்கள் கால்விலங்கைப் பற்றிச் சொன்னபோது, நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்க உட்கார்ந்தோம்?