பிறேக்குக் குழாயிற் புகுந்த காற்று

திருகோணமலையில் மோட்டார் வண்டி வைத்திருப்போருக்கு உப்புக் காற்றே முதற் பகை. மாரியில் வாடை வீசிக் கடற்றிவலையை ஊருக்குள் கொணரும்போது வெளிப்பூச்சைத் துடைத்து மினுக்குவோர் பலர். அடிப்புறத்தைக் குனிந்து நோக்குவோர் சிலரே. பிறேக்கு எண்ணெயைச் சில்லுகளுக்குக் கொண்டுசெல்லும் உருக்குக் குழாய்கள் அங்கேதான் ஓடுகின்றன. அவற்றைப் பிணிக்கும் கவ்விகளின் இடுக்கில் உப்பும் சேறும் தங்கித் துருவேறும். 1948இல் வெளிவந்து இன்றும் நம் நாட்டு வீதிகளிற் காணப்படும் மொரிஸ் மைனர் போன்ற பழைய வண்டிகளில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கும் கைவிடும். உவர்மலை இறக்கத்தில் இது நேர்ந்தால் கைப்பிறேக்கும் தாழ்ந்த கியருமே துணை.

துருப்பிடித்த குழாயை மாற்றியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. புதுக் குழாயினுள் இருப்பது காற்று. மூடிய திரவத்தில் ஓரிடத்துக் கொடுத்த அமுக்கம் எங்கும் குறையாது பரவும் என்னும் பாஸ்கலின் விதியை மாணவர் மடமடவென ஒப்புவிப்பர். பிறேக்கு நம்பியிருப்பது அவ்விதியையே. ஆனால் எண்ணெய் அமுங்காது, காற்றோ அமுங்கும். குமிழி உள்ளே இருப்பின், மிதியின் அசைவெல்லாம் அதனை நெரிப்பதிற் செலவாகும். மிதி பஞ்சுபோற் கீழிறங்கும்.

காற்றெடுப்பதற்கு இருவர் வேண்டும். தலைமை உருளைக்குத் தொலைவிலுள்ள சில்லில், நம் வண்டிகளிற் பெரும்பாலும் பின் இடச் சில்லில், தொடங்குவது வழக்கம். அங்குள்ள சிற்றாணியில் மெல்லிய குழாயொன்றைச் செருகி, மறுமுனையை எண்ணெயுள்ள போத்தலில் அமிழ்த்துக. ஒருவர் மிதியை மெல்ல அழுத்த, மற்றவர் ஆணியைத் தளர்த்துவார், குமிழிகள் வெளிவரும். மிதி மேலெழுமுன் ஆணியை இறுக்கிவிட வேண்டும். பிந்தினால் காற்று மீண்டும் உட்புகும். பொறுமையற்ற தம்பதியர் இவ்வேலையைச் சேர்ந்து செய்யாதிருத்தல் நலம்! குமிழி நிற்கும்வரை இதனைத் திரும்பத் திரும்பச் செய்து, ஏனைய சில்லுகளுக்கும் செல்க. இடையிடையே எண்ணெய்த் தொட்டியை நிரப்ப மறவற்க.

வடிந்த எண்ணெயை மீண்டும் ஊற்றுவது சிக்கனமன்று. அது ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 3 வகை, புதிதாயின் 205 பாகை சென்ரிகிரேட்டுக்குக் கீழ்க் கொதித்தலாகாது என்பது நியமம். ஈரமேறியதற்கு அவ்வெல்லை 140 தான். கொதித்தெழும் ஆவியும் காற்றைப்போலவே அமுங்கும். எஞ்சின் எண்ணெயை ஊற்றினாலோ றப்பர் வளையங்கள் ஊதிக் கெடும்.

இறுதியில் மிதியை வலிந்து அழுத்திப் பிடித்து, பொருத்துகளில் ஈரக் கசிவு உண்டோவென ஒவ்வொன்றாய்ப் பார்க்க. சமதரையில் மெல்ல ஓட்டி நிறுத்திப் பார்த்த பின்னரே கோணேசர் கோயில் மேட்டில் ஏறலாம்.