கோழி சாண்ட்விச்சும் முதலாளியின் கொள்கையும்

ஓட்டலில் சாம்பார் ருசியாக இருக்கிறதா என்று பார்ப்போம். முதலாளியின் கொள்கையைப் பார்ப்போமா? 2012-ல் அமெரிக்காவில் பார்த்தார்கள்.

'சிக்-ஃபில்-ஏ' அங்கே பிரபலமான கோழி சாண்ட்விச் கடை. மதப்பற்று மிக்க குடும்பத்தின் தொழில்; ஞாயிறு வந்தால் விடுமுறை. அதன் தலைவர் டான் கேத்தி, தன்பாலினத் திருமணம் தனக்கு ஏற்புடையதல்ல என்று வெளிப்படையாகப் பேசினார். அதை எதிர்க்கும் அமைப்புகளுக்கு நிறுவனத்தின் நன்கொடை போவதும் சர்ச்சையானது. 'அந்தக் கடைக்குப் போகாதீர்கள்' என்று குரல் கிளம்பியது.

நடந்ததோ தலைகீழ்! முன்னாள் ஆளுநர் மைக் ஹக்கபீ, ஆகஸ்ட் 1-ஐ ஆதரவு தினமாக அறிவித்தார். கடைகள் முன் நீண்ட வரிசை. இரு தரப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள், கவுன்டரில் நின்ற சம்பளக்காரப் பிள்ளைகள்தான். அவர்களுடைய கொள்கை என்னவோ!

எனக்குப் பிடித்தது அடுத்து நடந்தது. புறக்கணிப்பில் முன்னின்ற 'கேம்பஸ் பிரைட்' மாணவர் அமைப்பின் தலைவர் ஷேன் விண்ட்மேயர், தன்பாலின ஈர்ப்பாளர். அவருக்கு டான் கேத்தியே போன் செய்தார். மாதக்கணக்கில் பேச்சு. அமைப்பு போராட்டத்தை நிறுத்தியது. ஆண்டுக் கடைசியில், கேத்தியின் விருந்தாளியாக அமெரிக்கக் கால்பந்துப் போட்டி பார்க்கப் போனார் விண்ட்மேயர். இத்தனைக்கும் இருவருமே தங்கள் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

2019-ல், இனி கல்வி, பசி, வீடற்றோர் ஆகியவற்றுக்கே முக்கியமாக நன்கொடை என்று நிறுவனம் அறிவித்தது. உடனே இன்னொரு பக்கம் கோபம். 'விசுவாசமான வாடிக்கையாளர்களுக்குத் துரோகம்' என்று கொதித்தவர்களில் ஒருவர், அன்று ஆதரவு தினம் அறிவித்த அதே ஹக்கபீ!